‘எது வேண்டுமானாலும் சொல்’ – கடிதம்

அன்புள்ள அம்மா,

உங்களைப் பல ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். எழுதுவது இதுவே முதல்முறை. என் அக்காவைப் பற்றித்தான். அப்பாவுக்கு மறதிநோய். அம்மாவுக்கு மூட்டுவலி, நடமாட்டம் குறைந்துவிட்டது. அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள், சின்னவனுக்கு ஒன்பது வயது. வேலைக்கும் போகிறாள். மேலும் கீழும் இரண்டு தலைமுறைகளுக்கு நடுவே நசுங்கிக்கொண்டிருக்கிறாள்.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். மாதந்தோறும் பணம் அனுப்புகிறேன். அவர்களுக்கு மாலை ஏழு மணி ஆகும்போது தினமும் அழைத்து, “எது வேண்டுமானாலும் தயங்காமல் சொல்” என்கிறேன். எரிந்து விழுகிறாள். அவளுடைய மனச்சுமையை அறிவதற்காகப் பராமரிப்பாளர்களுக்கான 22 கேள்விகள் கொண்ட வினாத்தாள் ஒன்றை அனுப்பினேன். ஒரு வாரம் பேசவே இல்லை. அவள் வேலையை விட்டுவிடுவது நல்லதா? தாத்தாவின் நிலை பிள்ளைகளைப் பாதிக்காதா? முதியோர் இல்லம் பற்றி யோசிக்கலாமா? நான் வேறு என்னதான் செய்யவேண்டும்?

எம்.

அன்புள்ள எம்.,

கடிதங்களுக்கு வரிசைப்படிதான் பதில் எழுதுவேன். உங்களுடையதை முன்னால் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், ‘எது வேண்டுமானாலும் சொல்’ என்ற அந்த வாக்கியத்தின் மீது எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. அது இன்று உங்கள் தலையில் விடிகிறது.

மற்றவற்றை முதலில் முடித்துவிடுவோம். தாத்தாவைப் பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப்போக மாட்டார்கள். மூளையில் நோய், அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்று தெளிவாகச் சொன்னால் ஒன்பது வயதுக்குப் புரியும். முதியோர் இல்லப் பேச்சை உங்கள் அக்கா எடுத்தால் பேசுங்கள். தூரத்தில் இருந்துகொண்டு நீங்கள் எடுக்காதீர்கள். வேலையை விடும்படி மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். ஜப்பானில், பராமரிப்பு தேவைப்படும் ஒவ்வொரு குடும்பத்தவருக்காகவும் மொத்தம் 93 நாள் விடுப்பு உண்டு. மூன்று தவணைகளாகப் பிரித்தும் எடுக்கலாம். 93 நாளில் எந்த முதுமை தீரும் என்று கேட்பீர்கள். கூடவே உட்கார்ந்து பணிவிடை செய்வதற்கான விடுப்பு அல்ல அது. யார் வருவார், எதை யார் பார்த்துக்கொள்வார் என்று ஏற்பாடு செய்துவிட்டு வேலைக்குத் திரும்புவதற்கானது. பெற்றோருக்காக வேலையை உதறியவர்களின் கதி என்னவாகிறது என்று பார்த்துவிட்ட நாடு அது. உங்கள் அக்கா வேலையை விட்டால் சம்பளம் மட்டுமா போகும்? அவளை யாரும் மகளாகவோ தாயாகவோ பார்க்காத ஒரே இடமும் போய்விடும்.

இப்போது உங்கள் ஏழு மணிக்கு வருகிறேன். மறதிநோய் உள்ள பலருக்குப் பொழுது சாயும் வேளையில் பதற்றம் கூடும். வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு ‘வீட்டுக்குப் போகவேண்டும்’ என்பார்கள். கதவைத் திறக்கப் பார்ப்பார்கள். சின்னவன் கணக்கு நோட்டை விரித்துக்கொண்டு ‘அம்மா’ என்று கூப்பிடும் நேரமும் அதுதான். அங்கே மூன்றாவதாக உங்கள் மணி அடிக்கிறது. எடுத்தால், ‘எனக்கு என்ன வேலை கொடுக்கலாம் என்று யோசித்துச் சொல்’ என்கிறீர்கள். எரிந்து விழாமல் என்ன செய்வாள்?

என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது என் மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தாள். மருத்துவமனையிலிருந்து அம்மாவோடு ஒரு பை நிறைய மாத்திரைகளும் வீடு வந்தன. உறவு முழுக்க ‘எது வேண்டுமானாலும் சொல்’ என்றது. அண்ணி மட்டும் அப்படிச் சொல்லவில்லை. எனக்கும் அவருக்கும் அதுவரை பெரிய ஒட்டுதல்கூட இல்லை. ஒருநாள் வந்தார், பையை மேசைமேல் கவிழ்த்தார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்கத் தொடங்கினார். பெரிய எழுத்தில் இருந்தது கம்பெனி வைத்த பெயர்; உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் பொடி எழுத்தில் ஒளிந்திருந்தது. இரண்டு வெவ்வேறு பெயருள்ள அட்டைகளில் ஒரே இரத்த அழுத்த மருந்து. ஒன்று பழைய மருத்துவர் எழுதியது, மற்றது புதியவர் எழுதியது. எழுந்து உட்கார்ந்தாலே தலைசுற்றுகிறது என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தது வயதினால் அல்ல. மருத்துவரிடம் அண்ணியே பேசினார், ஒன்று நிறுத்தப்பட்டது.

போகும்போது, “இனி மாத்திரை என் கணக்கு. நீ அதை நினைக்கவே வேண்டாம்” என்றார். அதன்பிறகு நினைக்கவேண்டி வரவில்லை. தீர்வதற்கு முன்பே அட்டை வந்துவிடும். பெயரும் காலாவதித் தேதியும் அச்சாகியிருக்கும் பக்கம் கடைசிவரை இருக்கும்படி மறுமுனையிலிருந்து வெட்டச் சொல்வார். அடுத்து மருத்துவரைப் பார்க்கும் நாளையும் அவரே குறித்துக்கொள்வார். அம்மாவை அவர் ஒருநாளும் குளிப்பாட்டியதில்லை. ‘மருமகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள்’ என்று பேசியவர்கள் உண்டு. பேசட்டும். இரவு விழிப்புத் தட்டும்போது என் தலைக்குள் ஓடிய பட்டியலில் பாதியை அழித்தவர் அவர்.

உங்கள் அக்காவைக் கொல்வது கைவேலை மட்டும் அல்ல, எம். தீரப்போகும் மருந்து, கையெழுத்துப் போடவேண்டிய பள்ளிப் படிவம், அப்பா நேற்று எத்தனை முறை எழுந்தார் என்பது, எல்லாம் ஒரே தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ‘வாங்கிவா என்றால் வாங்கிவருகிறேன்’ என்பவர் அந்தத் தலைக்குள்ளிருந்து எதையும் எடுப்பதில்லை. சொல்வது என்ற வேலையைக் கூடுதலாக வைத்துவிட்டுப் போகிறார். அவள் உங்களுக்கு நினைவூட்ட வேண்டியிருந்தால் அந்த வேலை இன்னும் அவளுடையதுதான். கடையில் நின்று படம் அனுப்பி ‘இதுவா?’ என்று கேட்டாலும் அவளுடையதுதான்.

ஆகவே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று போதும். பெற்றோரின் மருந்து முழுவதையும் எடுங்கள். தூரத்திலிருந்தே செய்யலாம். ஓய்வான ஒரு நாளில் எல்லா அட்டைகளையும் படம் எடுத்து அனுப்பும்படி உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள். அவருக்கு மூட்டில்தான் வலி. பட்டியல் நீங்கள் எழுதுங்கள், மருத்துவரிடம் நீங்கள் பேசுங்கள், தீரும் தேதி உங்கள் நாட்காட்டியில் இருக்கட்டும். அப்பாவின் குழப்பம் ஓரிரு நாளில் திடீரென்று மோசமானால் மறதிநோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். கிருமித்தொற்றாக இருக்கலாம், உடலில் நீர் குறைந்திருக்கலாம், புதிதாகத் தொடங்கிய மருந்தாகவும் இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். அப்போது என்னென்ன மருந்து என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கவேண்டும்.

அந்த 22 கேள்விகள் ஸாரிட் என்ற ஆய்வாளரின் பெயரால் வழங்குபவை. நல்ல கேள்விகள்தாம். மருத்துவரோ சமூகப் பணியாளரோ கேட்டால் அடுத்து ஏதாவது செய்வார்கள். மதிப்பெண் வந்திருந்தால் நீங்கள் என்ன செய்வதாக இருந்தீர்கள்?

விடுமுறைக்கு விருந்தாளியாக வராதீர்கள். வந்த மறுநாளே அக்காவை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டு ஒரு வாரம் அப்பாவோடு தனியாக இருங்கள். சின்னவனின் கணக்கு நோட்டையும் நீங்களே பாருங்கள். அவளை அழைத்து எது எங்கே இருக்கிறது என்று கேட்கக்கூடாது.

பணத்தை நிறுத்திவிடாதீர்கள். இதையெல்லாம் படித்துவிட்டு ‘பணம் முக்கியமில்லை என்று அம்மா எழுதிவிட்டார்’ என்று யாராவது கிளம்புவார்கள்.

அன்புடன்.