கத்தியில்லாத சிகிச்சையும் அப்பாவின் கைநடுக்கமும்

அன்புள்ள ஐயா,

மூளை அறுவை சிகிச்சையின் சென்னை வரலாறு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் அப்பாவுக்கு வயது 71. ஐ.சி.எஃப்.பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சில வருஷங்களாக வலது கை நடுங்குகிறது. சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது, டம்ளரைத் தூக்கினால் காபி சட்டையில் கொட்டும். கல்யாண வீடுகளில் பந்தியில் உட்காருவதையே விட்டுவிட்டார். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று பேங்கில் செக்கைத் திருப்பிவிட்டார்கள். அன்று முழுக்க அவர் யாரிடமும் பேசவில்லை. டாக்டர் எசென்ஷியல் ட்ரெமர் என்ற நடுக்க நோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். பெரிய பலன் இல்லை.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. கத்தி இல்லை, ரத்தம் இல்லை, ஒலியாலேயே மூளை நோய் குணமாகும் என்கிறார்கள். பெரியம்மாவுக்கு அல்சைமர். அவருக்கும் இதையே பார்க்கலாமே என்கிறார் சித்தப்பா. இது உண்மையா? இருவருக்கும் பொருந்துமா?

எஸ்., பெரம்பூர்

அன்புள்ள எஸ்.,

ஃபோகஸ்டு அல்ட்ராசவுண்ட், அதாவது குவித்த ஒலி என்ற இந்தச் சிகிச்சையில் கத்தி இல்லை, ரத்தம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் காயம் உண்டு. அந்தக் காயத்தை உண்டாக்குவதுதான் சிகிச்சையே. மூளையின் நடுவே தலாமஸ் என்ற பகுதியில், நடுக்கம் கடந்துபோகும் ஒரு புள்ளியை, சில மில்லிமீட்டர் அளவுக்கு ஒலியால் சூடேற்றிச் சுட்டுவிடுகிறார்கள். சுட்ட திசு திரும்ப வளராது. அப்பாவிடம் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. தன் மூளையில் என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துகொண்டு அவர் சம்மதிக்க வேண்டும்.

அந்தப் புள்ளி சென்னைக்குப் பழக்கமானது. 1960களில் நம் ஜி.எச்.சில் மூளை அறுவை மருத்துவர்கள் பி. ராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், டி. எஸ். கனகா ஆகியோர் தலையில் சட்டகம் பொருத்தி, அளவெடுத்து, மண்டையோட்டில் சிறு துளை போட்டு, மெல்லிய கருவியை உள்ளே இறக்கி இதுபோன்ற இடங்களில் காயம் உண்டாக்கினார்கள். பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா மாத்திரை வந்ததும் உலகம் முழுக்கவே அந்த அறுவை குறைந்துபோனது. இப்போது அதே யோசனை, துளை இல்லாமல் திரும்பி வந்திருக்கிறது.

துளை இல்லாமல் செய்வதுதான் பெரும்பாடாக இருந்தது. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஃப்ரை, ஃபிரான்சிஸ் ஃப்ரை சகோதரர்கள் 1950களிலேயே ஒலியைக் குவித்து மூளையின் ஆழத்தைத் தொட்டார்கள். ஆனால் மண்டையோட்டில் ஒரு பகுதியை முதலில் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. எலும்பு ஒலியை உறிஞ்சித் தானே சூடாகிவிடும். அதோடு எலும்பின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதால் அலைகள் முன்னும் பின்னுமாகப் போய்ச் சேர்ந்து, குவியம் கலைந்துவிடும். கபாலீசுவரர் கோவில் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் தேர் நகரும். இன்றைய கருவியில் தலைக்கவசம் போன்ற அமைப்புக்குள் 1024 ஒலிமூலங்கள் இருக்கின்றன. நோயாளியின் மண்டையோட்டை முன்கூட்டியே சி.டி. ஸ்கேன் எடுத்து, எந்த இடத்தில் அலை எவ்வளவு தாமதமாகும் என்று கணக்கிட்டு, ஒவ்வொரு மூலத்தையும் தனித்தனியாகத் திருத்துகிறார்கள். கல்லெர்வோ ஹினினென் போன்ற இயற்பியலாளர்கள் பல வருடங்கள் இதற்காகவே உழைத்தார்கள். இதில் ஒரு சங்கடமும் உண்டு. சிலருடைய மண்டையோடு ஒலியைப் போதுமான அளவு உள்ளே விடாது. அப்பாவுக்குப் பொருந்துமா என்பதை அந்த ஸ்கேன் பார்த்துத்தான் சொல்ல முடியும். வீடியோ பார்த்துச் சொல்ல முடியாது.

சிகிச்சை நாளில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். தலையை முழுக்க மழிப்பார்கள். மரத்துப்போக ஊசி போட்டுச் சட்டகத்தைத் திருகுகளால் தலையில் பொருத்துவார்கள். மண்டையோடு சூடாகாமலிருக்கத் தலையைச் சுற்றிக் குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டிருக்கும். எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் படுக்க வைப்பார்கள். மயக்க மருந்து கிடையாது. கையில் ஒரு பொத்தான் இருக்கும், தாங்க முடியவில்லை என்றால் அழுத்தி நிறுத்திவிடலாம். முதலில் கொஞ்சமாகச் சூடேற்றுவார்கள். சுமார் 50 டிகிரிக்குள் நிற்கும்வரை அந்த இடம் தற்காலிகமாகச் செயலிழக்கும், காயமாகாது. ஒவ்வொரு முறையும் மூளைக்குள் எத்தனை டிகிரி என்று எம்.ஆர்.ஐ. காட்டிக்கொண்டே இருக்கும். இடையில் மருத்துவர் ஒரு பேனாவைக் கொடுத்துச் சுருள் வரையச் சொல்வார். ரம்பப் பல்லைப் போல முன்னும் பின்னும் போய்வந்த கோடு சீராகிறதா, நாக்கு குழறுகிறதா, விரல் மரக்கிறதா என்று கவனிப்பார். தவறான இடம் என்று பட்டால் குவியத்தை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தலாம். சரியான இடம் என்று உறுதியான பிறகுதான் 55, 60 டிகிரிக்குக் கொண்டுபோவார்கள். கத்தி இல்லை என்பதைவிட, சுடுவதற்கு முன் சோதித்துப் பார்க்க முடிகிறது என்பதுதான் இந்த முறையின் பெரிய பலம் என்று நான் நினைக்கிறேன். அந்தச் சில விநாடிகள் தலைவலியும் தலைச்சுற்றலும் கடுமையாக இருக்கலாம். அப்பாவுக்கு இதுவும் தெரிந்திருக்கட்டும்.

பலன் எவ்வளவு? 2016இல் வெளியான முக்கியமான பரிசோதனையில் 76 பேர் பங்கேற்றார்கள். 56 பேருக்கு உண்மையான சிகிச்சை, 20 பேருக்குப் பாவனைச் சிகிச்சை, அதாவது எல்லாம் செய்வதுபோலக் காட்டிவிட்டு மூளையைச் சுடாமல் விடுவது. மூன்றாவது மாதத்தில் சிகிச்சை பெற்றவர்களின் கைநடுக்கம் சராசரியாக 47 சதவீதம் குறைந்திருந்தது. ஒரு வருடத்தில் அது 40 சதவீதமானது. பாவனைச் சிகிச்சை பெற்றவர்களிடம் மாற்றமே இல்லை எனலாம். அந்த ஆண்டே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் மூன்றில் ஒருவருக்கு மேல் நடையில் தள்ளாட்டமோ மரமரப்போ வந்தது. பெரும்பாலானோருக்கு அது சரியாகிவிட்டாலும், ஒரு வருடம் கழித்தும் சிலருக்கு நீடித்தது. 71 வயதுக்காரர் நடக்கும்போது தள்ளாடுவதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. மாத்திரையின் அளவை உயர்த்திப் பார்த்தாயிற்றா? புரோப்ரனலால் பலன் தரவில்லை என்றால் பிரிமிடோன் முயன்றீர்களா? ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, பேஸ்மேக்கர் வைத்திருக்கிறாரா? மூளைக்குள் மின்முனை பொருத்தும் டி.பி.எஸ். சிகிச்சையையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குத் துளை வேண்டும், பேட்டரி வேண்டும். ஆனால் அதன் அளவைக் கூட்டலாம், குறைக்கலாம், அணைத்தும் வைக்கலாம். ஒலிச் சிகிச்சையில் திரும்பிப்போகும் வழி இல்லை. அதைப் பொதுவாக ஒரு பக்கம்தான் முதலில் செய்வார்கள். வலது கைக்கு இடது மூளை. மறு பக்கத்துக்குக் குறைந்தது ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும்.

பெரியம்மாவின் விஷயம் வேறு. அங்கே சுடுவது கிடையாது. ரத்தத்தில் உள்ள பொருட்களை மூளைக்குள் எளிதில் விடாத ஒரு தடுப்பு இருக்கிறது. நுண்குமிழிகளை ரத்தக்குழாயில் ஏற்றி, குறைந்த வீச்சில் ஒலியைக் குவித்தால் குமிழிகள் விரிந்து சுருங்கி அந்தத் தடுப்பைக் கொஞ்ச நேரம் திறக்கும். ஏறக்குறைய ஒரு நாளில் அது மறுபடி மூடிக்கொள்ளும். மருந்தை அந்த வழியே அனுப்பலாமா என்பதுதான் ஆராய்ச்சி. 2024 தொடக்கத்தில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவிலிருந்து வந்த அறிக்கையில் மூன்றே நோயாளிகள். அடுகானுமாப் என்ற மருந்தோடு ஒலியையும் சேர்த்த மூளைப் பகுதிகளில், ஒலி படாத பகுதிகளைவிட, அல்சைமரில் மூளையில் சேரும் அமிலாய்ட் என்ற புரதப் படிவு அதிகம் குறைந்தது. மறதி போனது என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. அந்த மருந்தையும் அதன் நிறுவனம் கைவிட்டுவிட்டது. இந்த ஆராய்ச்சி வளர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். மூளைப் புற்றுநோய்க்கு மருந்து கொண்டுபோகவும் இந்த வழிதான் கைகொடுக்கும் என்று பலர் உழைக்கிறார்கள். ஆனால் பெரியம்மாவுக்கு இன்று இதைச் சிகிச்சை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள் என்று சித்தப்பாவிடம் சொல்லுங்கள்.

யாராவது ஆய்வில் சேர்த்துக்கொள்கிறோம் என்று அழைத்தால், சி.டி.ஆர்.ஐ. எனப்படும் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள். பதிவு செய்யாமல் மனிதர்களிடம் பரிசோதனை நடத்தக்கூடாது. ஆய்வுக்காகச் செய்யும் சிகிச்சைக்கும் ஸ்கேனுக்கும் நோயாளியிடம் பணம் வாங்கக்கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் நெறிமுறை சொல்கிறது. பணம் கேட்டால் பெரியம்மாவை அழைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.