இணையத்தில் மிரட்டப்பட்ட பிளஸ் ஒன் மாணவிக்கு போன்வழி மனநல ஆலோசனை உதவுமா?

பாலக்கோடு பக்கம் இருக்கும் உங்கள் சித்தி மகளிடம் இன்ஸ்டாகிராமில் பழகிய ஒருவன் அந்தரங்கப் படத்தை வாங்கிக்கொண்டு மிரட்டியிருக்கிறான். போலீஸில் புகார் கொடுத்தாயிற்று. ஆனாலும் அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, போன்வழி ஆலோசனை பலன் தருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தரும். ஆனால் அதற்கு முதலில் அவள் கையில் போன் இருக்க வேண்டும்.

நான் ஊத்தங்கரைப் பக்கம் ஆசிரியையாக இருக்கிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் இப்படி ஒன்று தெரியவந்தால் பல வீடுகளில் முதலில் போனைப் பிடுங்குவார்கள். அடுத்து பள்ளிக்கூடம் நிற்கும். அதற்கடுத்து ஜாதகத்தை எடுப்பார்கள். பிள்ளைகளுக்கு இந்த வரிசை நன்றாகவே தெரியும். வீட்டுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்றுதான் மிரட்டுபவன் கேட்டதையெல்லாம் கொடுத்துக்கொண்டே போகிறார்கள். அதனால் ஆலோசகரைத் தேடுவதற்கு முன்னால் உங்கள் சித்தப்பாவிடம் பேசுங்கள். படிப்பு நிற்காது, கல்யாணப் பேச்சு வராது என்று அவர் வாயால் அவளிடம் சொல்லட்டும். அதற்கு ஈடான மருந்து எந்தச் செயலியிலும் கிடையாது.

அப்புறம் 14416. டெலி மானஸ் என்ற அரசு சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார். நடந்த கதை முழுவதையும் சொல்லியாக வேண்டும் என்று அவள் நினைக்க வேண்டாம். "தூக்கம் வரலை, போன் சத்தம் கேட்டாலே படபடன்னு இருக்கு" என்று ஆரம்பித்தால் போதும். நம் வீடுகளில் தனியாகப் பேச இடம் ஏது? அவள் பேசும் நேரத்துக்கு மட்டும் மொட்டை மாடியையோ தோட்டத்தையோ அவளுக்கு விட்டுவிடுங்கள். பக்கத்தில் நின்று ஒட்டுக் கேட்காதீர்கள்.

அவளுக்கு வயது 18 ஆகவில்லை என்பதால் இது போக்சோவில், அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டத்தில், வரும் விஷயம். குற்றம் தெரியவந்தால் ஆலோசகரும் போலீஸுக்குத் தகவல் சொல்லக் கடமைப்பட்டவர். இதை அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வாக்குமூலம் வாங்க வரும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. இதைக் கேட்டாலே பாதிப் பயம் போகும்.

அவள் தூங்காமல் இருப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும்: படம் எங்காவது வந்துவிட்டதா என்று ராத்திரியெல்லாம் தேடிப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தத் தேடலை அவளிடமிருந்து நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். 'டேக் இட் டவுன்' என்ற இலவச இணையச் சேவை இருக்கிறது, 18 வயதுக்குள் எடுத்த படங்களுக்கானது. படம் அவள் போனைவிட்டு வெளியே போகாது. அதன் கைரேகை போன்ற ஓர் எண் மட்டும் இன்ஸ்டாகிராம், பேஸ்புக் போன்ற தளங்களுக்குப் போகும், அதை வைத்து அவர்கள் படத்தைத் தடுப்பார்கள். வாட்ஸ்அப்பில் தனியாக அனுப்புவதை இது தடுக்காது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மிரட்டல் செய்திகளையும் அவன் கணக்கின் முகவரியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். படத்தை மட்டும், சாட்சிக்கு என்றுகூட, யாருக்கும் அனுப்பக் கூடாது. அதுவே குற்றமாகிவிடும்.

மூச்சுப் பயிற்சி, தூக்கப் பயிற்சி சொல்லித்தரும் செயலிகளும், நம்மோடு பேசும் செயலிகளும் நிறைய வந்துவிட்டன. மூச்சுப் பயிற்சிக்கு சரி. ஆனால் "செத்துப்போயிடலாம் போல இருக்கு" என்று ஒரு பிள்ளை தட்டச்சு செய்தால் அந்தப் பக்கம் மனிதர் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அப்படி ஏதாவது அவள் வாயிலிருந்து வந்தால் தனியாக விடாதீர்கள். மாந்தோப்புக்கும் தக்காளிக்கும் அடிக்கும் மருந்து வீட்டில் இருந்தால் இன்றைக்கே எடுத்துப் பூட்டிவிடுங்கள், அல்லது வேறு இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். நேரம் பார்க்காமல் 14416ஐ அழையுங்கள், நிலைமை கையை மீறினால் 108.

இரண்டு வாரம் ஆகியும் தூக்கமும் சாப்பாடும் திரும்பவில்லை என்றால் போனோடு நிறுத்தாமல் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நேரில் கூட்டிப்போங்கள். சொந்தக்காரர்கள் கேட்டால் தூக்கம் வராததற்குக் காட்டப் போகிறோம் என்று சொல்லுங்கள், பொய்யும் இல்லை. கூட யார் வர வேண்டும் என்பதை அவளே சொல்லட்டும்.