எழுதுமேசை, திரை, விளக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். திருச்சியில் வீட்டிலிருந்தபடியே ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன். மாலையில் அந்த வேலை முடிந்ததும், பழைய தமிழ் நூல்களின் ஸ்கேன் பக்கங்களைத் தட்டச்சுப் பிரதியோடு ஒப்பிட்டு மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கிறேன்; அது விருப்பத்துக்காகச் செய்வது. ஆக, நாளின் பெரும்பகுதி ஒரே மேசை முன்னால்தான் கழிகிறது. அந்த இடத்தைப் புதிதாக அமைக்க நினைக்கிறேன். 34 அங்குல அகலத் திரை வாங்கு என்கிறார் ஒரு நண்பர். 24 அங்குலத் திரைகள் இரண்டு போதும் என்கிறார் இன்னொருவர். 27 அங்குல 4கே என்கிறார் மற்றொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

மேசைக்குப் பின்னால் நிறம் மாறும் எல்இடி ஸ்ட்ரிப் ஒட்ட வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "வேலை செய்கிற இடத்தில் சீரியல் செட் எதற்கு?" என்று கேட்கிறார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அலங்கார விளக்கு வெறும் பகட்டுதானா? உங்கள் மேசை எப்படி இருக்கும் என்றும் அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம. அவர்களுக்கு,

உங்கள் நண்பர்கள் ஒவ்வொருவரும் தாம் செய்யும் வேலைக்குப் பொருத்தமான திரையை உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நிரல் எழுதுபவருக்கும் விளையாடுபவருக்கும் பங்குச்சந்தை வரைபடங்களைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கும் அகலம் உதவும். நீங்கள் மாலையில் செய்வது வேறு வகை வேலை. தமிழை, அதுவும் பழைய அச்சில் உள்ள தமிழை, எழுத்தெழுத்தாகப் பார்ப்பவர் நீங்கள். பகல் வேலைக்கு மூன்றில் எந்தத் திரையும் ஈடுகொடுக்கும் என்பதால், மாலை வேலையை வைத்தே முடிவெடுங்கள். திரையின் கூர்மையை முதலில் பாருங்கள், அகலத்தை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கூர்மையை ஏன் முதலில் வைக்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மெய்ப்புப் பார்ப்பவர் பிடிக்க வேண்டிய பிழைகளில் பல மிகச் சிறிய உறுப்புகளில் ஒளிந்திருப்பவை. 'க' என்பதையும் 'க்' என்பதையும் பிரிப்பது ஒரு புள்ளி. 'கெ', 'கே' இரண்டையும் பிரிப்பது கொம்பின் தலையிலுள்ள ஒரு சுழி. துணைக்காலும் 'ர' என்ற எழுத்தும் பல எழுத்துருக்களில் அடியிலுள்ள ஒரு சாய்கோட்டால் மட்டுமே வேறுபடுகின்றன. ஓலையில் புள்ளி குத்தினால் ஏடு கிழியும் என்பதால் அந்தக் காலத்தில் அதை இடாமலே எழுதிச் சென்றார்கள். படிப்பவர்தான் இடமறிந்து மெய்யா உயிர்மெய்யா என்று தீர்மானித்துக்கொண்டார். அச்சு வந்து அந்தப் புள்ளியை நிலைநிறுத்திய பிறகு, மங்கலான ஒரு திரையின் முன் அமர்ந்து நாம் மறுபடியும் ஊகித்துப் படிக்க வேண்டியதில்லை.

கணக்கு எளியது. 24 அங்குல முழு எச்டி (1920க்கு 1080) திரையில் ஓர் அங்குல நீளத்துக்கு ஏறத்தாழ 92 பிக்சல்கள், அதாவது படத்தை உருவாக்கும் நுண்கட்டங்கள், இருக்கின்றன. அச்சில் வழக்கமான 12 பாயிண்ட் எழுத்தை அதே அளவில் திரையில் கொண்டுவந்தால், எழுத்தின் முழு உயரத்துக்கும் கிடைப்பது 15 பிக்சல்தான். அதில் ஒரு பங்குதான் புள்ளிக்கு. அது வட்டமாக வர வழியில்லை, சாம்பல் நிறத் திட்டாகத்தான் நிற்கும். 27 அங்குல 4கே (3840க்கு 2160) திரையில் அங்குலத்துக்கு 163 பிக்சல்கள். அதே எழுத்துக்கு 27 பிக்சல் உயரம் கிடைக்கிறது. பரப்பாகப் பார்த்தால் மூன்று மடங்கு. கொம்பின் சுழிக்குள் வெள்ளை தெரிவதும், 'ஞ' என்ற எழுத்தின் உள்மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்பதும் அங்கேதான். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில் ணா, றா, னா ஆகியவை சுழித்த பழைய வடிவிலும், ணை, லை, ளை, னை ஆகியவை மேலே வளைந்த பழைய கொம்போடும் இருக்கும். உங்கள் ஸ்கேன் பக்கங்களில் அவற்றை நாள்தோறும் பார்க்கிறீர்கள். மை பரவிய ஒரு பழைய 'ணா'வை அடையாளம் காண, திரையும் தன் பங்குக்கு மங்கலைச் சேர்க்காமல் இருக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஏ4 தாளின் அளவு 21 சென்டிமீட்டருக்கு 29.7 சென்டிமீட்டர். 27 அங்குலத் திரை ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் அகலமும் 33.6 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. ஸ்கேன் பக்கத்தை இடப்புறமும் தட்டச்சுப் பிரதியை வலப்புறமும் முழு ஏ4 அளவிலேயே அடுத்தடுத்து வைத்துவிடலாம். மேலே கருவிப்பட்டைக்கும் கொஞ்சம் இடம் மிஞ்சும். 24 அங்குலத் திரையில் கருவிப்பட்டை போக மிஞ்சும் இடத்தில் ஒரு பக்கத்தின் உயரமே முழுதாக அடங்காது. எனவே ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருக்க வேண்டும், உருட்டும்போது கண் வரியைத் தவறவிடும், ஒரு வரி விடுபட்ட பிழை அப்படித்தான் மெய்ப்பைத் தாண்டிச் செல்கிறது. 34 அங்குல அகலத் திரையின் உயரம் 27 அங்குலத் திரையின் உயரமேதான். கூடுதலாகக் கிடைப்பது பக்கவாட்டில் 20 சென்டிமீட்டர் மட்டும். வழக்கமாகக் கிடைக்கும் 3440க்கு 1440 பிக்சல் வகையில் அதன் அடர்த்தி அங்குலத்துக்கு 110தான். அகராதியையும் சேர்த்துத் திறந்துவைக்க அந்த அகலம் வசதியானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அதற்காகப் புள்ளியின் கூர்மையை விட்டுக்கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரைகளின் கருமையைப் பார்த்தவர்கள் அதிலேயே மயங்கிவிடுகிறார்கள். படம் பார்க்க அதைவிடச் சிறந்தது இல்லை. எழுத்து வேலைக்கு இரண்டு தடைகள்: சில வகைகளில் சிவப்பு, பச்சை, நீல உட்பிக்சல்கள் நேர்வரிசையில் இல்லாமல் முக்கோணமாக அமைந்திருப்பதால் எழுத்தின் ஓரத்தில் மெல்லிய நிறக்கசிவு தெரியும், மணிக்கணக்காக அசையாமல் நிற்கும் பட்டைகள் நாளடைவில் திரையில் தழும்பாகப் பதியவும் வாய்ப்புண்டு. பளபளப்பில்லாத மேட் பரப்புள்ள ஐபிஎஸ் (எல்சிடியில் ஒரு வகை) திரையே உங்களுக்குப் போதும். உங்கள் மடிக்கணினி பழையதென்றால் திரையை இணைக்கும் அதன் எச்டிஎம்ஐ துளை எந்தப் பதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1.4 பதிப்பு 4கே படத்தை விநாடிக்கு 30 முறைதான் அனுப்பும். சுட்டி திரையில் இழுத்து இழுத்து நகரும், அதைக் கொண்டு நாளெல்லாம் வேலை செய்வது வேதனை. 2.0 பதிப்பு 60 முறை அனுப்பும். திரையை வாங்கியதும் கணினி அமைப்பில் காட்சியளவை 150 விழுக்காடாக மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மெனு எழுத்துகள் படிக்க முடியாத அளவுக்குச் சிறுத்துவிடும்.

இனி விளக்கு. உங்கள் அப்பா கேட்டது நியாயமான கேள்வி, அதற்கு நேரான பதிலும் இருக்கிறது. இருட்டறையில் ஒளிரும் திரையைப் பார்க்கும்போது, கண் ஒரே சமயத்தில் மிக வெளிச்சமான ஒரு கட்டத்தையும் அதைச் சுற்றியுள்ள கருமையையும் எதிர்கொள்கிறது. திரைக்குப் பின்னாலுள்ள சுவரில் மென்மையான வெளிச்சம் விழுந்தால் அந்த ஏற்றத்தாழ்வு குறைந்து, கண்ணுக்கு இதமாக இருக்கும். திரைப்படங்களுக்கு நிறத்திருத்தம் செய்யும் அறைகளில் திரைக்குப் பின்னால் 6500 கெல்வின் (ஒளியின் நிறச்சாயலைக் குறிக்கும் அலகு; எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாகும்) வெண்ணொளியை மங்கலாக வைப்பது வழக்கம். அது வேலையின் தேவை. பிலிப்ஸ் நிறுவனம் 2004இல் ஆம்பிலைட் என்ற பெயரில் தொலைக்காட்சிப் பெட்டியின் முதுகிலேயே விளக்குகளைப் பொருத்தியபோது இந்த ஏற்பாடு வீட்டுக்குள்ளும் வந்தது. ஒருநாள் இரவு உங்கள் நாற்காலியில் அப்பாவை உட்காரவைத்து, பின்விளக்கை ஏற்றியும் அணைத்தும் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். வாதத்தைவிட அது விரைவாகப் புரியவைக்கும்.

ஆனால் எந்த ஸ்ட்ரிப்பை ஒட்டினாலும் அந்தப் பயன் வந்துவிடாது. நீங்கள் குறிப்பிடும் நிறம் மாறும் வகையில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலந்துதான் வெள்ளையைக் காட்டுகிறார்கள். சுவரில் அது வெள்ளையாகத் தெரிந்தாலும், அந்த ஒளியில் ஒரு பழுப்பேறிய நூலை விரித்தால் தாள் நோய்ப்பட்ட நிறத்தில் இருக்கும். நம் கைகூட அப்படித்தான் தெரியும். நிறமாலையில் மூன்று சிகரங்களும் நடுவே பள்ளங்களும் இருப்பதே காரணம். வெள்ளை எல்இடி வேறு முறையில் இயங்குவது: நீல எல்இடியின் மீது பாஸ்பர் என்ற ஒளிரும் பொருளைப் பூசி, நீலத்தின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றி வெண்மையை உண்டாக்குகிறார்கள். அந்த நீல எல்இடியைச் சாதித்ததற்காகத்தான் அகசாகி, அமானோ, நகமுரா மூவரும் 2014இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள். எனவே சுவருக்கு நிற ஸ்ட்ரிப் இருக்கட்டும், தாளைப் படிக்கத் தனியாக ஒரு வெள்ளை விளக்கு வேண்டும். அதன் உறையில் சிஆர்ஐ, அதாவது நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவு, 90க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மின்சாரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு விளக்கும் தனித்தனியே நிறம் மாறும் 5 வோல்ட் வகையில், முழு வெள்ளையில் ஒரு விளக்கு 60 மில்லி ஆம்பியர் வரை எடுக்கும். மீட்டருக்கு 60 விளக்குகள் என்றால் 3.6 ஆம்பியர். மடிக்கணினியின் சாதாரண யுஎஸ்பி துளை அரை ஆம்பியர் தருவதற்கென்று அமைந்தது. ஸ்ட்ரிப்புக்குத் தகுந்த அடாப்டரைத் தனியாக வாங்குங்கள், பிளக்கில் செருகும் இடத்தில் கைவைத்துச் சூடு பாருங்கள். ஒட்டும்போது விளக்கின் மணிகள் நேராகக் கண்ணில் படக் கூடாது; மேசையின் பின்விளிம்பில், சுவரைப் பார்த்தபடி, பால்நிற மூடியுள்ள அலுமினியச் சட்டத்துக்குள் வைத்தால் ஒளி ஒரே சீராகப் பரவும். மங்கலாக்கியதும் சில ஸ்ட்ரிப்புகள் கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் அணைந்து எரியும். அந்த ஒளியில் ஒரு பென்சிலை வேகமாக ஆட்டுங்கள்: பென்சில் துண்டு துண்டாகப் பல பென்சில்களாகத் தெரிந்தால், அந்த ஸ்ட்ரிப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நிறங்கள் ஓடிக்கொண்டே இருக்கும் அமைப்பை வேலைநேரத்தில் வைக்க வேண்டாம். விழித்திரையின் ஓரப்பகுதி அசைவைக் கவனிப்பதில் தேர்ந்தது. ஓரத்தில் எது நகர்ந்தாலும் மனம் ஒரு கணம் அங்கே போய்விட்டு வரும். ஒரே நிறத்தில் நிற்கட்டும். விளையாடும்போதும் பாட்டுக் கேட்கும்போதும் வேண்டிய மட்டும் ஓடவிடுங்கள்.

பயன் இருப்பதால்தான் விளக்கு வைக்கலாம் என்று நான் சொல்வதாக நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்களுக்கு அழகாகத் தோன்றுகிறது என்பதும் முழுமையான காரணம்தான். ஆயுத பூஜையன்று நெசவாளர் தறிக்கும் தச்சர் உளிக்கும் சந்தனமும் குங்குமமும் இடுகிறார்கள். நம் வீடுகளில் மானிட்டரின் விளிம்புக்கும் அந்தப் பொட்டு உண்டு. வேலைக்கருவியை அலங்கரிப்பது நமக்குப் புதிய பழக்கம் ஒன்றும் இல்லை. விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை ஒரு மேசையில் செலவிடும் ஒருவர், அங்கே உட்காரும்போது மகிழ்ச்சி தோன்ற வேண்டும் என்று விரும்புவதில் பகட்டு எதுவும் இல்லை. கடன் வாங்கிச் செய்யாத வரையில், அது அவருடைய உரிமை.

என் மேசையைக் கேட்டிருந்தீர்கள். 27 அங்குலத் திரை ஒன்று, நடுவில். அதன் மேல்விளிம்பு என் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, கைநீட்டும் தொலைவில் இருக்கும். இரண்டாவது திரை வைத்தால் எழுதும்போது கவனம் கலைகிறது என்பதால் வைத்துக்கொள்ளவில்லை. இது என் இயல்பு, விதி இல்லை. ஜன்னல் இடப்பக்கம் இருக்கிறது. முதுகுப்பக்கம் ஜன்னல் இருந்தால் திரையில் வானம் தெரியும், எதிரே இருந்தால் கண் கூசும். நான் மிகவும் விரும்பும் பொருள், ஸ்பிரிங் வைத்த மேசைவிளக்கு. வண்டிகளின் சஸ்பென்ஷனை வடிவமைத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் கார்வர்டைன் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1930களில் உருவாக்கிய ஏற்பாடு அது: விளக்கின் எடையை ஸ்பிரிங்கின் இழுவிசை எல்லா நிலையிலும் ஈடுசெய்வதால், எங்கே நகர்த்தி விட்டாலும் அங்கேயே நிற்கும். இன்று மானிட்டரைத் தாங்கும் கைகளும் ஏறக்குறைய இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. அப்படி ஒரு கை வாங்குவதானால், திரையின் முதுகில் 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மரத்தூள் பலகையில் செய்த மேசையென்றால் கிளாம்புக்கு அடியில் ஓர் இரும்புத் தகட்டை வையுங்கள். இல்லாவிட்டால் பலகை நசுங்கிவிடும்.

ஒன்பது மணிக்கு மேல் நான் சுவர் விளக்கை 2700 கெல்வின் மஞ்சளுக்கு இறக்கிவிடுகிறேன், திரையின் வெளிச்சத்தையும் கூடவே குறைக்கிறேன். விழித்திரையில் நீல ஒளிக்கு எதிர்வினை காட்டி உடலின் தூக்கக் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்பும் தனிவகை உயிரணுக்கள் உண்டென்று 2002இல் கண்டறிந்தார்கள். நிறத்தை மட்டும் மஞ்சளாக்கிவிட்டு வெளிச்சத்தைக் குறைக்காமல் விட்டால் பலன் அரைகுறையாகத்தான் இருக்கும். மாலையில் தொடங்கி இரவு வரை வேலை செய்யும் உங்களுக்கு இது முக்கியம்.

உங்கள் சுவரின் நிறத்தை எழுதவில்லை. வெள்ளையோ வெளிர்சாம்பலோ என்றால் கவலையில்லை. பச்சையோ நீலமோ என்றால் எந்த வெண்ணொளியும் அந்தச் சாயலை ஏற்றுக்கொண்டுதான் திரும்பிவரும். திரைக்குப் பின்னாலுள்ள பகுதிக்கு மட்டுமாவது மங்கலான வெள்ளை அடித்துக்கொள்ளுங்கள். பணத்தை முதலில் திரைக்குச் செலவிடுங்கள். ஸ்ட்ரிப்பை வாங்குவதற்கு முன், வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு சிறு விளக்கைத் திரைக்குப் பின்னால் சுவரைப் பார்த்துத் திருப்பிவைத்து சில நாட்கள் வேலை செய்து பாருங்கள். எந்த உயரத்தில், எவ்வளவு வெளிச்சம் உங்களுக்குப் பிடிக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும், அந்த அளவுக்கு வாங்கினால் போதும்.

அன்புடன்.