பட்டி பார்த்த மயில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2024 தொடக்கத்தில் லண்டனில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே டேட் மாடர்ன் என்ற கலை அருங்காட்சியகத்தில் எல் அனாட்சுயி என்ற கானா நாட்டுச் சிற்பியின் படைப்பைக் காட்டினான். அவ்வளவு பெரிய கூடத்தில் சாராய பாட்டில் மூடிகளைக் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். பார்க்க அழகுதான். ஆனால் டாஸ்மாக் வாசலில் கிடப்பதைப் பொறுக்கிக் கொடுத்தால் எட்டாவது படிக்கும் என் பையனும் செய்வான் என்று தோன்றியது. கல்லும் செம்பும் கண்ட நமக்கு இது கலையா? கேட்கக் காரணம் இருக்கிறது. மூத்த மகள் எழும்பூர் கவின் கலைக் கல்லூரியில் சிற்பம்தான் படிப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். சேர்க்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் பையன் செய்யமாட்டான். பத்து மூடி கோப்பதற்குள் விரலைக் கிழித்துக்கொண்டு எழுந்து போய்விடுவான்.

‘இது கலையா’ என்பதை விட்டுவிடுவோம். அமெரிக்கச் சிற்பி கார்ல் ஆந்த்ரே 120 செங்கற்களைச் சாந்து பூசாமல் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்காக வைத்ததை டேட் காசு கொடுத்து வாங்கியது என்று 1976-லேயே லண்டன் பத்திரிகைகள் இதே கேள்வியைக் கேட்டுக் கத்தித் தீர்த்துவிட்டன.

மூடியைப் பார்த்தீர்கள், சரி. கம்பியைப் பார்த்தீர்களா? நைஜீரியாவில் என்சுக்கா என்ற ஊரில் அவருக்கு நீண்ட காலம் பட்டறை இருந்தது. உள்ளூர்ப் பையன்கள் அந்த அலுமினிய மூடிகளைத் தட்டி, மடித்து, வெட்டி, துளை போட்டு, செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று முறுக்கிச் சிறு சிறு பாகங்களாகக் கொடுப்பார்கள். அவர் அவற்றைத் தரையில் பரப்பி, இடம் மாற்றி மாற்றிப் பார்த்துச் சேர்ப்பார். முறுக்கை இறுக்கினால் பலகையாக விறைத்து நிற்கும். கொஞ்சம் விட்டுப் பிடித்தால் துணியாக மடியும். கெண்டே என்ற கானா நாட்டுக் கைத்தறித் துணி நெய்தவர்கள் இருந்த வீட்டில் பிறந்தவர், விட்டுப் பிடித்தார். அதனால்தான் ஒரே படைப்பு ஒவ்வோர் அருங்காட்சியகத்திலும் ஒவ்வொரு விதமாக மடிந்து தொங்குகிறது. இப்படித்தான் மாட்ட வேண்டும் என்று அவர் சொல்வதும் இல்லை.

சாராயம், அடிமை வியாபாரம், அந்த அருங்காட்சியகத்தின் பெயரில் இருக்கிற, சர்க்கரையில் சம்பாதித்த ஹென்றி டேட் கதையெல்லாம் அங்கேயே எழுதி வைத்திருப்பார்கள், படித்திருப்பீர்கள். கூடத்தின் கடைசியில் தரை வரை ஒரு கருப்புத் திரை தொங்கியதே, அதன் பின்பக்கம் போனீர்களா? வெள்ளியாக மின்னும் வலை, அதில் பல நிறத் துண்டுகள். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு காபி குடிக்கப் போயிருப்பீர்கள். விமானம் ஏறிப் போய் பாதியைப் பார்த்துவிட்டு வந்து எனக்குக் கடிதம் வேறு!

பின்பக்கம் போய்ப் பார்க்கிற இந்தப் பைத்தியம் எனக்குப் பெரியப்பாவின் கிரில் பட்டறையில் பிடித்தது. வேலை கிடைக்காத நாட்களில் அங்கே கணக்கு எழுதினேன். கேட் தயாரானதும் வாடிக்கையாளர் முன்னால் நின்று பூ டிசைனைப் பார்ப்பார். பெரியப்பா பின்னால் போய் உட்காருவார். வெல்டிங் மேல் படிந்த கசடைச் சுத்தியலால் தட்டிவிட்டு, ஆறிய வெல்டிங் மேல் கட்டைவிரலை மெதுவாக ஓட்டுவார். விரல் எங்காவது நின்றால் அந்த இடத்தில் திரும்பவும் வெல்டிங் வைக்க வேண்டும். ஒருமுறை ஒரு பையன் கிரைண்டர் போட்டுத் தேய்த்து, ஓட்டையைப் பட்டிப் பசை வைத்து அடைத்து, பெயிண்டும் அடித்துவிட்டான். அன்று அவன் வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது.

இப்போது ரவுண்டானாக்களில் பழைய இரும்பில் மயிலும் சிங்கமும் நிற்கின்றனவே, அவற்றைக் கண்டால் எனக்குப் பெரியப்பா நினைவு வந்துவிடும். ‘கழிவிலிருந்து கலை’ என்று ஒரு பலகை. பல்சக்கரம், சைக்கிள் செயின், போல்ட் எல்லாம் உள்ளே இருக்கும். ஆனால் பட்டி பார்த்து, மேலே தங்க பெயிண்ட். எது எதோடு எங்கே சேர்கிறது என்று கடைசிவரை தெரியாது. பெயிண்டுக்குள் ஒளிப்பதற்கு பல்சக்கரம் எதற்கு? காயலான் கடைச் சாமானைச் சேர்த்தாலே சிற்பம் என்று நம்புகிறவர்கள் செய்கிற வேலை அது. சேர்க்கிற இடத்தில்தான் சிற்பி இருக்கிறான். உங்கள் பையனும் செய்வான் என்று சொல்லியிருக்க வேண்டியது இந்த மயிலைப் பார்த்து.

செம்பு என்றீர்களே. 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமத்துக்கு ஒருநாள் போய் வாருங்கள், ஈஞ்சம்பாக்கம்தான், விசா வேண்டாம். சிற்பி பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டை அடித்து வளைத்து, முகத்தையும் நகையையும் கம்பியாலேயே அதன்மேல் பற்றவைத்தவர். பற்றவைத்த கோடுகளை அவர் ஒளிக்கவில்லை, அவைதான் ஓவியம். எஸ். நந்தகோபாலின் சிற்பங்களையும் பாருங்கள். கோயிலில் கவசம் சாத்திய சாமியைக் கும்பிட்ட கண்ணுக்கு இதெல்லாம் அந்நியமாகத் தெரியாது. அந்தச் செம்பும் கடையில் வாங்குகிற தகடுதான்.

மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சேர்த்துவிடுங்கள். வீட்டில் சண்டை போட்டுச் சிற்பம் கேட்கிற பிள்ளையை பி.காமில் தள்ளி என்ன செய்யப்போகிறீர்கள்? விடுமுறையில் தெரிந்த வெல்டிங் பட்டறை ஏதாவது இருந்தால் போய் வேலை பழகட்டும். கருப்புக் கண்ணாடி இல்லாமல் வெல்டிங் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டாம், ராத்திரி கண் எரிந்து தூங்க முடியாது. பருத்திச் சட்டை போடச் சொல்லுங்கள், நைலான் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். துப்பட்டா கூடவே கூடாது.