"ஆட முடியாவிட்டால் கோச் ஆகிவிடுகிறேன்" என்கிறானா?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகனுக்கு 17 வயது, பாயிண்ட் கார்டாக (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவனாக) ஆடுகிறான், தொழில்முறைக் கூடைப்பந்துதான் வாழ்க்கை என்று பிடிவாதமாக நிற்கிறான், அப்பா பேசுவதையே நிறுத்திவிட்டார். "ஆட முடியவில்லை என்றால் கோச் ஆகிவிடுகிறேன்" என்று அவன் சொன்னது உங்களுக்கு ஆறுதலாக இருந்ததாக எழுதியிருந்தீர்கள். எனக்கோ அந்த ஒரு வரிதான் கவலையாக இருக்கிறது.

எண்களை முதலில் பார்த்துவிடுவோம். அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீகான என்பிஏவில் 30 அணிகள். அணிக்கு 15 பேர் என்றால் 450 இடம். இதற்குக் கீழே உள்ள ஜி லீகிலும் ஆடிக்கொண்டு மேலேயும் வந்துபோகும் 'டூ-வே' ஒப்பந்தத்தில் அணிக்கு மூன்று பேர். அவ்வளவுதான். ஆண்டுதோறும் புதியவர்களை எடுக்கும் டிராஃப்டில் சுமார் 60 பேருக்குத்தான் அழைப்பு வரும், அதிலும் எல்லோரும் நிலைப்பதில்லை. ஆனால் கூடைப்பந்து ஆடிச் சம்பாதிப்பவர்கள் இவர்கள் மட்டும் இல்லை. ஸ்பெயின், துருக்கி, இத்தாலி, ஜெர்மனி, ஆஸ்திரேலியா, சீனா என்று பல நாடுகளில் சம்பளம் தரும் லீக்குகள் இருக்கின்றன. தம்பிக்கு நல்லபடியாக அமைந்தால், பெரும்பாலும் இந்த இரண்டாவது உலகத்தில்தான் அமையும்.

அந்த உலகத்து வாழ்க்கை என்பது பெட்டியும் கையுமாக இருப்பதுதான். என்பிஏவிலேயே 10 நாள் ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. ஒருவருக்கு ஒரே அணி ஒரு சீசனில் அதை இரண்டு முறைதான் தரலாம். அதற்கு அப்புறம் மீதி சீசனுக்கு வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அனுப்பிவிட வேண்டும். இஷ் ஸ்மித் என்ற ஆட்டக்காரரை 2010 டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை. அவர் 13 அணிகளுக்கு ஆடினார், அதுவே ஒரு சாதனை. கடைசியில் 2023-இல் டென்வர் அணியோடு சாம்பியன் பட்டமும் கிடைத்தது. இதைக் கேட்டால் தம்பிக்கு உற்சாகமாக இருக்கும். உங்களுக்கு வயிற்றைக் கலக்கும். இரண்டும் நியாயம்தான்.

சரி, கோச் விஷயத்துக்கு வருகிறேன். தம்பி நினைப்பதுபோல அது ஆட்டம் முடிந்ததும் போய் உட்காரும் நாற்காலி கிடையாது. அது வேறு தொழில். அதை ஆடும் காலத்திலேயே, பெஞ்சில் உட்கார்ந்தபடி கற்றுக்கொள்ள ஆரம்பிக்க வேண்டும்.

கெவின் ஆலியை எடுத்துக்கொள்ளுங்கள். இவரையும் டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. 13 சீசன், பத்துக்கும் மேற்பட்ட அணிகள், ஆட்டத்துக்குச் சராசரியாக நான்கு புள்ளிகூட இல்லை. அப்படி இருந்தும் ஏன் ஒவ்வொரு அணியும் கூப்பிட்டது? பயிற்சிக்கு முதலில் வருவார், இளம் ஆட்டக்காரர்களைத் தட்டிக்கொடுப்பார், பதினைந்தாவது ஆளாக இருந்தாலும் முதல் ஆளைப்போலத் தயாராக இருப்பார். கடைசி சீசனை ஓக்லஹோமா சிட்டியில் ஆடினார். அந்த அணியின் மனப்போக்கையே மாற்றியவர் என்று அவரைப் பற்றி அங்கே நட்சத்திர ஆட்டக்காரராக இருந்த கெவின் டுரான்ட் வெளிப்படையாகச் சொன்னார். 2010-இல் தான் படித்த கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் உதவிப் பயிற்சியாளரானார். 2012-இல் தலைமைப் பொறுப்பு வந்தது. 2014-இல் அணி கல்லூரிகளுக்கான தேசியப் பட்டம் வென்றது. அவர் கோச் வேலையை 2010-இல் கற்க ஆரம்பிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்தப் பல்கலைக்கழக வேலையும் 2018-இல் போய்விட்டது. இதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். ஏட்ரியன் கிரிஃபின் கதை இன்னும் கடுமையானது. ஆட்டக்காரராகப் பல அணி மாறியவர், 2008-இலிருந்து 15 ஆண்டுகள் உதவிப் பயிற்சியாளராகக் காத்திருந்து 2023-இல் மில்வாக்கி அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரானார். 43 ஆட்டங்களில் 30 வெற்றி. அந்த நிலையில்தான், சீசன் பாதியில் அவரை நீக்கினார்கள். ஆக, கோச் வேலை என்றால் நிலையான வேலை என்ற எண்ணம் வீட்டில் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். ஆட்டக்காரராக இருந்தபோது தூக்கிய பெட்டியைத்தான் அங்கேயும் தூக்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. மியாமி அணியின் எரிக் ஸ்போல்ஸ்ட்ரா என்பிஏவில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. 1990-களில் அங்கே வீடியோ வெட்டி ஒட்டும் வேலையில் சேர்ந்தவர், 2008-இல் தலைமைப் பயிற்சியாளரானார், இரண்டு பட்டங்கள் வென்றார். அதனால் பெரிய ஆட்டக்காரனாக ஆகாவிட்டால் இந்தக் கதவும் மூடிவிடும் என்று பயப்பட வேண்டாம்.

படிப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். பட்டப்படிப்பை விடவே கூடாது. கால்முட்டி ஜவ்வு கிழிந்தால் ஒரு வருடம் போய்விடும் என்பது ஒரு காரணம். பல கல்லூரி அணிகள் பயிற்சியாளர்களிடம் பட்டம் எதிர்பார்க்கின்றன என்பது இன்னொன்று. உடற்பயிற்சி அறிவியலோ உளவியலோ புள்ளியியலோ எடுத்தால் பின்னால் பெஞ்சில் உதவும், ஆனால் பிடிக்காத பாடத்தை இதற்காகத் திணிக்காதீர்கள். உங்கள் நாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு நடத்தும் பயிற்சியாளர் சான்றிதழின் முதல் படியை, வயது வந்ததும் ஆடிக்கொண்டே முடித்துவிடலாம்.

அப்புறம் ஒப்பந்தம். வெளிநாட்டு அணிகளில் ஆடியவர்களிடம் நான் அதிகம் கேட்கிற புலம்பல் காயம் பற்றியது இல்லை, வராத சம்பளம் பற்றியது. இதற்காகவே 2007-இல் உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா ஒரு தனி நடுவர் மன்றத்தை ஏற்படுத்தியது. ஒப்பந்தத்தில் அந்த மன்றத்துக்குப் போகலாம் என்ற ஷரத்து இருந்தால்தான் அங்கே போக முடியும். கையெழுத்துப் போடும் நாளில் மகிழ்ச்சியில் யாரும் அதைத் தேடுவதில்லை. நீங்கள் தேடுங்கள். ஏஜென்ட் உரிமம் உள்ளவரா என்று கேளுங்கள், முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அவனிடம் இப்போதைக்கு இரண்டே வேலை சொல்லுங்கள். வாரம் ஒரு நாள் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து தட்டக் கற்றுத்தரட்டும். ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு லே-அப் (கூடைக்கு அருகில் ஓடிவந்து எம்பிப் பந்தைப் போடுவது) புரியவைக்கும்போது பொறுமை இருக்கிறதா, எரிச்சல் வருகிறதா என்று அவனுக்கே தெரிந்துவிடும். இரண்டாவது, ஒரு நோட்டு. தன் அணி ஆடும் ஒவ்வொரு ஆட்டத்திலும் கடைசி ஐந்து நிமிடத்தில் கோச் யாரை மாற்றினார், எப்போது டைம்-அவுட் கேட்டார், தானாக இருந்தால் என்ன செய்திருப்பான் என்று எழுதட்டும். தன்னை வெளியே உட்கார வைத்த ஆட்டத்தையும் விடாமல் எழுத வேண்டும். முக்கியமாக அதை.

பத்து ஆட்டம் முடிந்ததும் அந்த நோட்டோடு அவனை அழைத்து வாருங்கள். முடிந்தால் அவன் அப்பாவும் வரட்டும்.