ஸ்டென்ட், பைபாஸுக்குப் பிறகு சிறுநீரகம்: கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தாயிற்று. கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு) 1.6. இதயம்தான் சரியாகிவிட்டதே, சிறுநீரகத்தை ஏன் பார்க்க வேண்டும்?

பதில்: ஸ்டென்ட் அந்த ஓர் அடைப்பைத்தான் திறக்கிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு அதிகம் படியும். மறு அடைப்பு, மாரடைப்பு, ரத்தக்கசிவு எல்லாவற்றுக்கும் வாய்ப்பு கூடுதல். 1.6 மட்டும் போதாது; வயதும் பாலினமும் சேர்த்துக் கணக்கிடும் ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற அளவு) வேண்டும். 3 மாதங்களுக்கு மேல் அது 60-க்குக் கீழே இருந்தால் நாள்பட்ட சிறுநீரக நோய். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்றும் பாருங்கள். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: எனக்கு 1.4. பயப்படணுமா?

பதில்: மேலே சொன்னதேதான். ஈஜிஎஃப்ஆர்?

கேள்வி: சிறுநீரகம் மோசமானவர்களுக்கு ஸ்டென்ட் வைத்துப் பயனில்லை என்று 2020-இல் ஆய்வே வந்துவிட்டதே?

பதில்: இஸ்கீமியா-சிகேடி ஆய்வைச் சொல்கிறீர்கள். ஈஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே அல்லது டயாலிசிஸில் இருந்த 777 பேர். ஆஞ்சியோ (சாயம் செலுத்தி இதய ரத்தக்குழாயைப் படமெடுப்பது) செய்து தேவைப்பட்டால் அடைப்பை நீக்கியவர்களுக்கும், மருந்தோடு தொடங்கியவர்களுக்கும் மரணத்திலோ மாரடைப்பிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை. ஆனால் அவர்கள் நோய் நிலையாக இருந்தவர்கள். அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும், இதயத்தின் இடது பிரதான தமனியில் அடைப்பு இருப்பது ஏற்கெனவே தெரிந்தவர்களும் அதில் இல்லை. அப்படிச் சேர்க்கப்படாதவர்களுக்கு இந்த முடிவைப் பொருத்தக் கூடாது.

கேள்வி (அவரே): அப்படியும் மாரடைப்பு வந்தவருக்கே ‘கிட்னி போயிடும்’ என்று ஆஞ்சியோவைத் தள்ளிப்போடுகிறார்களே?

பதில்: எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். ரத்தக்குழாய் முழுதாக அடைத்த மாரடைப்பில் கிரியாட்டினின் முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. இதயத்தசை செத்தால் ரத்த ஓட்டம் குறைந்து சிறுநீரகமும் சேர்ந்து கெடும். சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய ஆஞ்சியோ சாயத்தைக் குறைத்து, தேவையான அளவு சலைன் ஏற்றி, 2, 3 நாளில் கிரியாட்டினின் பார்க்கலாம். அசிட்டைல்சிஸ்டீன் மாத்திரை சிறுநீரகத்தைக் காக்கும் என்ற நம்பிக்கையை 2018-இல் வந்த பிரிசர்வ் ஆய்வு உடைத்துவிட்டது.

கேள்வி: சர்க்கரை நோய், மூன்று குழாயிலும் அடைப்பு. ஸ்டென்டா, பைபாஸா?

பதில்: சர்க்கரை நோயோடு பல அடைப்பு இருந்தால், நீண்ட காலத்துக்கு பைபாஸே மேல் என்று 2012-இல் ஃப்ரீடம் ஆய்வு காட்டியது. ஆனால் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அறுவைசிகிச்சையை ஒட்டிய நாட்களில் ஆபத்து கூடுதல். இதய மருத்துவர், அறுவை நிபுணர், சிறுநீரக மருத்துவர் மூவரும் சேர்ந்து பேசச் சொல்லுங்கள்.

கேள்வி: 1.5 இருக்கு, ஆபத்தா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பல் எடுக்க, ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரல் மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள், ஸ்டென்ட் உறைந்து அடைக்கலாம். இதய மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் மாத்திரைக்குப் பதில் ஊசி போட்டால் சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகாதுதானே?

பதில்: ஆகும். ஊசியும் ரத்தத்தில்தான் கலக்கிறது. மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் போதும்.