சூரியகாந்தி நல்லா பூத்தும் பாதி விதை பொக்கா போகுதே, ஏன்?

கேள்வி: ஐயா வணக்கம். சுந்தரபாண்டியபுரம் பக்கம் 2 ஏக்கர் சூரியகாந்தி போட்டிருக்கேன். போன வருஷம் கம்பெனி ஹைப்ரிட் விதை போட்டு நல்லா விளைஞ்சுது, அதுல பெரிய பூவா ஒரு பத்து பொறுக்கி எடுத்து வச்சு அந்த விதையைத்தான் இந்த வருஷம் போட்டேன். செடி ஒண்ணு இடுப்பு உயரம் ஒண்ணு ஆள் உயரம்னு ஏத்த இறக்கமா இருக்கு. முதல்ல பூத்ததை அமுக்கி பார்த்தா தட்டு முழுக்க அங்கங்க பொக்கா இருக்கு. பூ நேரத்துல புழுவுக்கு ரெண்டு தடவை மருந்து அடிச்சேன். பாதி வயல் இப்பதான் பூக்குது, அதையாவது காப்பாத்த முடியுமா?

பதில்: வணக்கம் அண்ணாச்சி. முடியும், ஆனா நாளைக்கு காலையிலயே ஆரம்பிக்கணும், அதனால செய்ய வேண்டியதை முதல்ல சொல்லிடுறேன் காரணம் பின்னால சொல்றேன். காலை 8 மணியில இருந்து 11 மணிக்குள்ள வயல்ல இறங்குங்க, உள்ளங்கையில மெல்லிசு பருத்தித்துணி சுத்திக்கிட்டு பூத்திருக்கிற தட்டு மேல லேசா தடவிக்கிட்டே செடி செடியா போங்க. துணியில ஒட்டுற மஞ்சத்தூளை உதறிடாதீங்க, அந்தத் தூள் அடுத்த செடிக்கு போகணும்கிறதுக்காகத்தான் இந்த வேலையே. பக்கத்து பக்கத்துல ரெண்டு செடி ஒரே உயரத்துல இருந்தா ரெண்டு பூவையும் முகத்தோட முகம் வச்சு லேசா உரசி விட்டாலும் சரிதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள், தட்டோட நடுப்பகுதி வரைக்கும் பூத்து முடியிற வரை செய்யணும். மருந்து அடிக்கிறதை இன்னையோட நிறுத்துங்க.

இப்ப காரணத்துக்கு வரேன். தட்டோட நடுவுல மட்டும் பொக்கா இருந்துச்சுன்னா நான் தண்ணியையும் போரான் சத்தையும்தான் முதல்ல கேட்டிருப்பேன், ஏன்னா நடுப்பகுதி கடைசியா பூக்குறதால சத்தோ தண்ணியோ கொறைஞ்சா அங்கதான் முதல்ல அடி விழும். நீங்க தட்டு முழுக்க அங்கங்கன்னு சொல்றீங்க, அப்ப அது மகரந்தம் சேராத பொக்கு.

ஒரு பூன்னு நாம சொல்றது ஒரு பூ இல்ல அண்ணாச்சி. சுத்தி இருக்கிற மஞ்சள் இதழ் ஒவ்வொண்ணும் மலட்டுப் பூ, அது தேனீயை கூப்பிடத்தான், விதை பிடிக்கிறது உள்ள இருக்கிற குட்டி குட்டி பூவுல. நாளைக்கு ஒரு தட்டை கிட்ட வச்சு பாருங்க, வெளி ஓரத்துல இருந்து உள்ள நோக்கி தினம் சில வரிசையா பூத்துக்கிட்டு போகும், முழுசா முடிய 5 முதல் 10 நாள் ஆகும். இன்னைக்கு காலையில விரியுற குட்டிப்பூவுல கருப்பா ஒரு குழாய் எட்டிப் பார்க்கும், அதுக்குள்ளதான் மகரந்தம் கொட்டும், உள்ள இருந்து சூல்தண்டு வளர்ந்து துப்பாக்கிக்கு மருந்து கெட்டிக்கிற குச்சி மாதிரி அந்தத் தூளை மேல தள்ளி வெளிய கொண்டு வரும். அப்ப அந்த பூ ஆண் வேலை மட்டும்தான் பார்க்குது. மறுநாள்தான் சூல்தண்டு நுனியில இருக்கிற சூல்முடி ரெண்டா பிரிஞ்சு ரெண்டு பக்கமும் வளையும், அதோட உள்பக்கம்தான் மகரந்தத்தை வாங்கும். ஒரே பூவுக்குள்ள முதல்ல ஆண் அப்புறம் பெண், தன் தூள் தன் மேலயே விழக்கூடாதுன்னு நேரத்தை மாத்தி வச்சிருக்கு.

ஆனா அதே தட்டுல வெளி வரிசை பெண்ணா இருக்கிறப்ப உள்வரிசை ஆணா இருக்குமே, அது பக்கத்துல விழாதான்னு கேப்பீங்க. விழும். அதுக்கும் ஒரு பூட்டு இருக்கு. சூரியகாந்தியில நிறைய செடியில சூல்முடி தன் செடி மகரந்தத்தை அடையாளம் கண்டு முளைக்க விடாது, வேற செடி தூள்தான் வேணும்னு நிக்கும். நான் ஒரு தடவை பூக்குறதுக்கு முன்னாலயே நாலஞ்சு தட்டுக்கு மெல்லிசு துணிப்பை கட்டி விட்டு பார்த்தேன், உள்ள மஞ்சத்தூள் கொட்டிக் கிடந்துச்சு, அறுத்து அமுக்கினா தட்டு பூரா பொக்கு, பையே கட்டாத பக்கத்து செடி நிறைய விதையோட கனமா தொங்குச்சு. அதைப் பார்த்த அப்புறம்தான் தேனீ எவ்வளவு பெரிய வேலை பார்க்குதுன்னு எனக்கு மனசுல உறைச்சது.

செடி ஏன் இவ்வளவு மெனக்கெடணும்? அக்கா மகளை கட்டுறது மாதிரி நெருங்கின சொந்தத்துல கட்டும்போது டாக்டர் ஏன் எச்சரிக்கிறாங்களோ அதே காரணம்தான். ஒவ்வொரு செடிக்குள்ளயும் சில கெட்ட குணம் ஒளிஞ்சிருக்கும், நல்ல ஜோடி ஒண்ணு அதை மூடி வச்சிருக்கும், சொந்தத்துக்குள்ளயே சேர்ந்தா ரெண்டு பக்கமும் அதே கெட்டது வந்து வெளிய தெரியும், செடி குட்டையா, விதை குறைவா, நோஞ்சானா ஆகும். டார்வின் 11 வருஷம் இதுக்காகவே சோதனை செஞ்சு, தன் மகரந்தத்துல வந்த கன்னையும் வேற செடி மகரந்தத்துல வந்த கன்னையும் ஒரே தொட்டியில எதிரெதிரா வளர்த்து உயரம் அளந்து 1876-ல புத்தகமா போட்டார், பெரும்பாலும் வேற செடி மகரந்தக் கன்னுதான் ஓங்கி வளர்ந்துச்சு.

நெல்லு, உளுந்து, கடலை இதெல்லாம் தன் மகரந்தத்துலயே விளையும், அதுல ரக விதையை நாமளே எடுத்து வைக்கிறது தலைமுறை தலைமுறையா நடக்குது. அந்தப் பழக்கத்துலதான் நீங்களும் எடுத்திருக்கீங்க, உங்க மேல தப்பு சொல்ல மாட்டேன். ஆனா ஹைப்ரிட் சூரியகாந்தியில இன்னொரு சிக்கல் இருக்கு, இதை விதை விக்கிறவங்க யாரும் விளக்கி சொல்றதில்ல, அது எனக்கு வருத்தம். ஹைப்ரிட்ங்கிறது ரெண்டு வேற வேற வம்சத்தை, அதாவது லைனை, சேர்த்து எடுக்கிற விதை. அதுக்கு அம்மாவா இருக்கிற லைன் மகரந்தமே இல்லாதது, 1969-ல பிரான்ஸ்ல லெக்லெர்க்ங்கிற ஆராய்ச்சியாளர் ஒரு காட்டு சூரியகாந்தியோட சேர்த்து கண்டுபிடிச்ச குணம் அது. அப்பா லைன்ல இருக்கிற ஒரு ஜீன்தான் மகரந்தத்தை திருப்பி கொடுக்குது, அதனால நீங்க போன வருஷம் வாங்கின விதையில எல்லாச் செடியும் தூள் கொடுத்துச்சு. அடுத்த தலைமுறையில அந்த ஜீன் கிடைக்காத செடி கணக்குப்படி நாலுக்கு ஒண்ணு வரும், அதுல ஒரு பொட்டு தூள் இருக்காது. அதோட பத்தே பூவுல இருந்து எடுத்ததால வயல்ல நிக்கிறதுல நெறைய அண்ணன் தம்பி, ஒருத்தர் மகரந்தத்தை ஒருத்தர் ஏத்துக்காததும் அதிகமா இருக்கும், உயரம் கலந்து கட்டி நிக்கிறது ஹைப்ரிட்டோட அடுத்த தலைமுறையில குணம் பிரிஞ்சு போறதாலதான்.

மிச்சத்தை மருந்து செஞ்சிடுச்சு. சூரியகாந்தி மகரந்தம் கனம், முள்ளு முள்ளா ஒட்டிக்கிற தூள், காத்துல பறக்காது, தேனீதான் தூக்கணும். தேனீ வர்றதும் காலையிலதான் அதிகம், முத்தின பூ எல்லாம் கிழக்கு பார்த்து நிக்குதே, அது வெயிலை சீக்கிரம் வாங்கி சூடாகி தேனீயை இழுக்கத்தான்னு 2016-ல அமெரிக்காவுல கலிஃபோர்னியாவுல ஆராய்ச்சி செஞ்சு சொன்னாங்க, மேற்கு பார்த்து திருப்பி வச்ச பூவை விட 5 மடங்கு தேனீ வந்துச்சாம். அந்த நேரத்துல மருந்து அடிச்சா வர்ற தேனீ செத்து விழும், மிச்சமும் பக்கத்து வயலுக்கு போயிடும். புழு தாங்கவே முடியலன்னா சாயங்காலம் தேனீ கூட்டுக்கு போன அப்புறம் வேளாண் அலுவலரை கேட்டு அடிங்க, இல்லன்னா கையால பொறுக்கி போட்டுடுங்க.

இன்னும் மஞ்ச இதழே விரியாத செடி இருந்தா, இதழ் விரியுற சமயத்துல போராக்ஸ் லிட்டருக்கு 2 கிராம் வெந்நீர்ல கரைச்சு ஆற வச்சு தண்ணியில கலந்து ஒரு தடவை தெளிங்க, விதை பிடிக்க உதவும், தண்ணி மட்டும் காய விடாதீங்க. அடுத்த தடவை ஹைப்ரிட்தான் போடுவேன்னா புது விதை வாங்குங்க, சொந்த விதைதான் வேணும்னா மார்டன் மாதிரி ஹைப்ரிட் இல்லாத ரகம் போட்டு பத்து பூ இல்ல நூறு செடிக்கு மேல பொறுக்கி கலந்து எடுங்க, பக்கத்துல வேற ரகம் இருந்தா தேனீ கலந்து விட்டுடும்கிறதையும் பாத்துக்கோங்க. ஏக்கருக்கு 2 தேன்பெட்டி கிடைச்சா வச்சுடுங்க, பூக்க ஆரம்பிக்கும்போதே வைக்கணும்.

நாளைக்கு துணியோட போகும்போது ஒரு சின்ன வேலை, புதுசா விரிஞ்ச வரிசையை ஆள்காட்டி விரலால தடவி பாருங்க, மஞ்சத்தூள் ஒட்டாத செடிக்கெல்லாம் தண்டுல ஒரு சிவப்பு நூல் கட்டுங்க, துணி அந்தச் செடி மேல கண்டிப்பா போகணும், அதுக்கு சொந்தமா தூளே இல்ல. எத்தனை செடிக்கு நூல் கட்டினீங்கன்னு எண்ணி எனக்கு எழுதுங்க அண்ணாச்சி.